தொப்பிப் பாறைக்குப் போட்ட லிஸ்ட்

கீழக்கணவாய் பஸ் நிலையத்தின் டைம் கீப்பர் ஆவுடையப்பன் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆறே காலுக்கு வெள்ளைத் தாள் ஒன்றின் தலையில் பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே ‘மஞ்சள் – ஐம்பது கிராம்’ என்று எழுதினார். அதே ஆறே காலுக்கு, ஊருக்கு மேற்கே, தொப்பிப் பாறைக்கு ஏறும் காட்டுப்பாதை ஒரு வளைவு நீண்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் மஞ்சளை எழுதாமல் விட்டிருக்க மாட்டார். மளிகைக்கு எழுதினாலும் கல்யாணத்துக்கு எழுதினாலும் அந்த ஊரில் லிஸ்ட்டின் முதல் வரி மஞ்சள்தான், மங்கலமாகத் தொடங்கினால் மற்றதெல்லாம் தன்னால் வந்து சேரும் என்று நம்பிக்கை. மலை ஏறப் போகிறவனுக்கு மஞ்சள் எதற்கு என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

மலை என்று வாய் நிறையச் சொன்னாலும் அது பெரிய மலை கிடையாது. பெரிய மலைகளெல்லாம் பின்னால் வரிசை கட்டி நிற்க, முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு குன்று. ஒன்றரைக் கிலோமீட்டர் பாதை. முக்கால் மணி நேரத்தில் ஏறி அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். டைம் ஆபீஸ் சன்னலில் நின்றால் உச்சிப் பாறையின் தொப்பி தெரியும். ஆவுடையப்பனின் ஒரே மகள் உலகம்மை பத்து வயதில் அந்தச் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, “அப்பா, அங்கன போவோமா?” என்று கேட்டாள். “போவோம்ட்டி, ப்ளான் போட்டுப் போவோம்” என்றார் அவர். அன்றிலிருந்து பதினாறு வருஷமாகப் ப்ளான் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் அட்டைப்பூச்சி, ஒரு வருஷம் பரீட்சை, ஒரு வருஷம் தேர்தல் டூட்டி. கண்ணுக்கு எதிரே இருக்கிற மலைதானே, அது எங்கே போய்விடப் போகிறது என்று அவர் சொல்லிக்கொண்டார்.

மலை எங்கேயும் போகவில்லை. உலகம்மைதான் நர்ஸிங் படித்து, மதுரையில் வேலை பார்த்து, அயர்லாந்தில் வேலை கிடைத்துப் புறப்பட நின்றாள். மதுரை ஆஸ்பத்திரியில் கடைசி டூட்டியை முடித்துக்கொண்டு சனிக்கிழமை காலையில்தான் ஊருக்கு வர முடியும். ஞாயிறு சாயங்காலம் ஏழு பத்துக்குத் திருவனந்தபுரம் பஸ். திங்கள் விடியலில் விமானம். நடுவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல். “அந்தப் பகல்ல தொப்பிப் பாறைக்குப் போய்ட்டு வந்துருவோம்ப்பா. நீங்க, நான், அம்மா. இந்தத் தடவையாவது போயிரணும்” என்று போனில் சொன்னாள். அதற்கு மூன்று வாரம் இருந்தது. முப்பத்தொரு வருஷ சர்வீஸில் ஒரு பஸ்ஸைக்கூட ஒரு நிமிஷம் தாமதமாக வெளியே அனுப்பாத மனிதருக்கு மூன்று வாரம் என்பது ப்ளான் போடக் கிடைத்த பெரிய கொடை அல்லவா? மறு நாளே இரண்டாவது வரியாகப் புளியோதரை என்று எழுதினார். அப்புறம் ஜமுக்காளம். அப்புறம் குடை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காட்டிலாகா வாட்சர் மூக்கையா டைம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அவர் வீடு தொப்பிப் பாறைக்குப் பக்கத்திலேயே, மேலே இருக்கிற ஐந்து வீடுகளில் ஒன்று. தினமும் ஏறி இறங்குகிற கால் அது, பாதையில் ஒரு கல் புரண்டாலும் கண்டுபிடித்துவிடும்.

“அண்ணாச்சி, மலைக்குப் போறதுக்கு லிஸ்ட் எழுதுதீயளாம்லா? ஊரெல்லாம் பேச்சா இருக்கு. கொஞ்சம் காட்டுங்க பாப்போம்.”

ஆவுடையப்பன் பெருமையோடு தாளை நீட்டினார். மூக்கையா விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

“அப்படியேதான் இருக்கு. மொத வளைவுல ரெண்டு பக்கமும் காட்டு மஞ்சளு. ரெண்டாவதுல ஒரே புளியோதர வாசன, வயிறு கபகபங்குது. மூணாவதுல ஒரு பாற கெடக்கு, செவப்பும் நீலமுமா கோடு போட்டு. நாலாவதுல நிக்காம தூறிக்கிட்டே இருக்கு, ரெண்டு அடி இங்கிட்டு வந்தா வெயில்.”

“ஒரு வரிக்கு எவ்வளவு நீளுது?”

“கால் கிலோமீட்டர்னு வைங்க.”

“அப்ப டைமிங்க மாத்தணும்” என்றார் ஆவுடையப்பன். ‘ஆறு மணி புறப்பாடு, ஆறு பன்னிரண்டு முதல் வளைவு’ என்று ஏற்கெனவே போட்டு வைத்திருந்த அட்டவணையை எடுத்து, சிவப்பு மையால் திருத்த ஆரம்பித்தார்.

புது வளைவுகள் புதுசு மாதிரியே இல்லை. அவற்றில் நின்ற மரங்களுக்கு ஐம்பது அறுபது வயது இருக்கும். கிளையில் கூடு இருந்தது, கூட்டில் குஞ்சு இருந்தது. ஓரத்தில் பாசி படிந்த தூரக்கல் ஒன்றில் யாரோ எந்தக் காலத்திலோ சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். காட்டிலாகாவிலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்து அளந்தார்கள், மறு வாரம் வந்து மறுபடி அளந்தார்கள், பிறகு பதிவேட்டில் பாதையின் நீளம் என்ற இடத்தில் ‘வளர்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

ஊர் அந்தப் பாதையை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். வற்றல் போடுகிற பெண்கள் ஜமுக்காளப் பாறையைப் பிடித்தார்கள், அங்கே காக்கை வருவதில்லை என்று. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் சாயங்காலமானால் குடை வளைவுக்கு ஒரே குடையோடு போனார்கள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிய ஆண்கள் புளியோதரை வளைவு வரைக்கும் போய், பசி தாங்காமல் திரும்பி வந்து, தட்டைப் போடு என்றார்கள். டார்ச் லைட் எழுதியதால் வந்த வளைவு மட்டும் நடுப்பகலிலும் இருட்டிக் கிடந்தது. அங்கே போய்ப் படுத்தால் நல்ல தூக்கம் வருகிறதென்று நைட் டூட்டி டிரைவர்கள் சொன்னார்கள். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் சங்கரநயினார், சர்க்கரை வியாதிக்காரர்கள் பன்னிரண்டு பேர் சார்பாக, டைம் ஆபீஸ் படியேறி ஒரு விண்ணப்பமே வைத்தார்.

“டாக்டரு தெனம் நாலு கிலோமீட்டர் நடக்கச் சொல்லுதாரு வே. ரோட்டுல நடந்தா நாய் விரட்டுது. நீரு மனசு வச்சு இன்னும் ஒரு ரெண்டு வரி எழுதினீருன்னா எங்களுக்கு சௌகரியமா இருக்கும்.”

ஆவுடையப்பன் அவர்களுக்காக ‘எலுமிச்சம்பழம்’ என்றும் ‘மோர்’ என்றும் எழுதினார். இப்படியாக லிஸ்ட் பதினெட்டு வரிக்கு வந்தது, பாதை ஆறு கிலோமீட்டருக்கு வந்தது, ஊரே சந்தோஷமாக இருந்தது. இதில் நொந்துபோன ஒரே ஆள் மூக்கையாதான். ஊரிலிருந்து அவர் வீடு நாளுக்கு நாள் தூரமாகிக்கொண்டிருந்தது.

“போதும் அண்ணாச்சி. நான் வீடு போய்ச் சேரதுக்குள்ள சோறு ஆறிருது, அவளுக்கு மொகம் சூடாயிருது. இனிமே எழுதாதீய.”

ஆவுடையப்பனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அதன் மேல் கை வைத்து, இனி எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். இரண்டு நாள் அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

மூன்றாம் நாள், திருவனந்தபுரம் ஏழு பத்து புறப்பட வேண்டிய நேரம். அவர் டைம் ஆபீஸ் வாசலில் விசிலோடு நின்றார். சன்னல் ஓர சீட்டில் ஒரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வெளியே ஒரு மனிதர் அவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே பஸ், இதே சன்னல். விசில் ஊதினார், பஸ் போனது, உள்ளே வந்து உட்கார்ந்தார். பாதை ஆறு கிலோமீட்டர் என்றால் ஏறி இறங்க ஐந்து மணி நேரம். மத்தியானத்துக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம். பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால்? அந்தக் கேள்விக்குப் பதிலை அவர் மனசுக்குள்ளேயும் சொல்லிக்கொள்ளவில்லை. தாளைப் பிரித்து ‘தீப்பெட்டி’ என்று எழுதினார். அவருக்குப் பிள்ளைப் பாசம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல!

அதன் பிறகு யாருக்கும் தெரியாமல் எழுதினார். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் எழுதினார், சாப்பிட்டுக் கைகழுவிய ஈரத்தோடு எழுதினார். துணி ஊறப்போடும்போது அவர் மனைவி செண்பகம் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துவிட்டாள்.

“கம்பளி. காதுக்குக் குல்லா. தைலம். இட்லிப் பொடி. நெல்லிக்கா ஊறுகா. ஏங்க, இது மலைக்கா, அயர்லாந்துக்கா?”

அவர் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதை நீளுகிற கதை செண்பகத்துக்கும் தெரியும். ஏழு பத்து எத்தனை மணிக்குப் போகும் என்பதும் தெரியும். ஒரு பாட்டம் திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளைத் திருப்பி அவரிடமே கொடுத்தாள்.

“தேங்கா எண்ணெய விட்டுட்டீய. எழுதுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, லிஸ்ட்டில் நாற்பத்தொரு வரியும் பாதையில் பன்னிரண்டு கிலோமீட்டருமாக, நான்கு பேர் புறப்பட்டார்கள். நான்காவது ஆள் மூக்கையா. காட்டுக்குள் வாட்சர் இல்லாமல் விடமாட்டார்கள். பகல் டூட்டிக்கு மட்டும்தான் ஆவுடையப்பன் லீவு போட்டிருந்தார், சாயங்காலம் வந்து பஸ்களை அனுப்ப வேண்டியவர் அவரேதான். அவர் முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை, கையில் ஒரு தூக்குவாளி. உலகம்மை கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவளுக்குப் பாதை நீண்ட விஷயம் தெரியும், ஊரே சொல்லியிருந்தது. ஏன் நீண்டது என்பதுதான் தெரியாது.

புளியோதரை வளைவில் நின்று மூச்சை இழுத்தாள். குடை வளைவில் வேண்டுமென்றே நனைந்தாள். அதற்கு மேலே ஏற ஏற அவளுக்குப் பேச்சுக் குறைந்தது. காதுக் குல்லா வளைவில் ஒரு சத்தமும் இல்லை, பறவை வாயைத் திறந்தது, ஆனால் கேட்கவில்லை. தேங்காய் எண்ணெய் வளைவில் செண்பகம் மகளைப் பிடித்து உட்கார வைத்து, தலையை அவிழ்த்துப் பின்னிவிட்டாள், அதற்கே இருபது நிமிஷம் போனது, யாரும் அவசரப்படுத்தவில்லை. கம்பளி வளைவில் பனிமூட்டம். மூக்கு நுனி விறைத்தது. உலகம்மை இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு சிரித்தாள்.

“அங்கயும் இப்படித்தான் இருக்குமாம்ப்பா. பரவால்ல, தாங்கலாம்.”

தாங்கிக்கொள்வாள் என்று தெரிந்ததும் ஆவுடையப்பனுக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் சாவகாசமாகவே நடந்தார். வளைவுக்கு வளைவு பையை இறக்கி, தண்ணீர் குடித்து, காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டி நடந்தார்.

தொப்பிப் பாறையில் கால் வைத்தபோது மணி இரண்டரை. காற்று வேட்டியைத் தூக்கியது. கிழக்கே பார்த்தால் மொத்தக் கீழக்கணவாயும் ஒரு தாம்பாளத்துக்குள் அடங்கி எங்கோ தூரத்தில் கிடந்தது. மேற்கே பார்த்தால் கணவாய் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிக் கேரளத்துக்குள் போனது. அதில் ஊர்ந்த ஒரு பஸ்ஸை ஆவுடையப்பன் கண்டுகொண்டார்.

“நம்ம கொல்லம் வண்டி. ஒண்ணு அம்பதுக்குக் கெளம்ப வேண்டியது. எட்டு நிமிஷம் லேட்டு, நான் இல்லேன்னா இப்படித்தான்.”

சாப்பிட்டார்கள். புளியோதரை, மோர், நெல்லிக்காய் ஊறுகாய். உலகம்மை பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பத்து வயதில் பார்த்தபோது இது இவ்வளவு பெரிசாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றாள். மூன்றரை ஆனது. மூக்கையா எழுந்து நின்று வெயிலைப் பார்த்தார், பிறகு ஆவுடையப்பனைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, எறங்க அஞ்சு மணி நேரத்துக்குக் கொறையாது. இப்பக் கெளம்பினாலும் எட்டரை.”

ஆவுடையப்பன் ஒரு கல்லின் மறைவில் போய் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துத் தொடையில் வைத்து, நாற்பத்திரண்டாவது வரியை எழுதப் பேனாவைத் திறந்தார். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் உலகம்மை.

“என்னப்பா எழுதுதீய?”

“ஒண்ணுமில்ல. கற்பூரம் மறந்துட்டு.”

அவள் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். நர்ஸ்களுக்கு அடுத்தவர் எழுத்தை வாசிக்க நன்றாகத் தெரியும். வாசித்து முடித்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏழு பத்து போயிரும்லாப்பா.”

“போயிரும்.”

“தெரிஞ்சுதான் எழுதினீயளா?”

“தெரிஞ்சுதான்.” அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். “நீ பஸ்ஸுல ஏறுவ, நான் விசில் ஊதணும். நெனச்சுப் பாத்தேன், எனக்கு முடியல உலகு. தப்புதான். இந்தா, எல்லாத்தையும் அடிச்சிருதேன், குடு.”

“சுழி போட்டு எழுதினத யாராவது அடிப்பாங்களா?” என்று தூரத்திலிருந்து செண்பகம் பதறினாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த ஊரில் லிஸ்ட்டில் எழுதியதை அடித்த ஆள் கிடையாது, அடித்தால் அந்தச் சாமான் வீட்டுக்கு வரவே வராது என்பார்கள்.

உலகம்மை அப்பாவின் கையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“அடிக்க வேண்டாம். வாங்கியாச்சுன்னா டிக் போடலாம்லா?”

தாளை மடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தாள். புளியோதரை, சாப்பிட்டாச்சு, டிக். ஜமுக்காளம், உக்காந்தாச்சு, டிக். குடை, நனைஞ்சாச்சு. தேங்கா எண்ணெய், தலைக்குப் போட்டாச்சு. கம்பளி, குளிரு பாத்தாச்சு, தாங்கிக்கிடுவேன். காதுக்குக் குல்லா, கெடச்சாச்சுப்பா. தைலம், கெடச்சாச்சு. ஒவ்வொரு டிக்குக்கும் கீழே காடு ஒரு மடிப்பு மடிந்தது, புடவையை உதறி மடிக்கிற சத்தம்தான் கேட்டது, ஒரு இலைகூடக் கசங்கவில்லை. ஊர் கிட்டே வந்தது. கோயில் கோபுரம் கிட்டே வந்தது, பஸ் நிலையத்தின் தகரக் கூரை கிட்டே வந்தது, கடைசியில் டைம் ஆபீஸ் மைக்கில் யாரோ தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்டது. மூக்கையா முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், இன்றைக்கு வீட்டில் சூடான சோறு என்று அவர் முகமே சொன்னது.

நாற்பது டிக் ஆனது. முதல் வரி மட்டும் பாக்கி.

“மஞ்சள்?” என்றாள் உலகம்மை.

ஆவுடையப்பன் பைகளைத் துழாவினார், செண்பகம் தூக்குவாளிக்குள் பார்த்தாள். யாரும் கொண்டு வரவில்லை. முதல் வரி என்பதால் எழுதினாரே தவிர, அதை எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

“கைக்கு வராததுக்கு டிக் போட முடியாதுல்லா” என்று உலகம்மை பேனாவை மூடினாள். “அது இருக்கட்டும்ப்பா. திரும்பி வந்து வாங்கிக்கிடுதேன்.”

இறங்க அரை மணி நேரமும், மஞ்சள் வளைவுக்கு ஐந்து நிமிஷமும் ஆனது. ஐந்து மணிக்கு முன்னால் வீட்டில் இருந்தார்கள்; குளித்து, பெட்டியைக் கட்டி, காபி குடிக்கவும் நேரம் இருந்தது. ஏழு மணிக்கு உலகம்மை சன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்தாள். செண்பகம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஏழு எட்டு ஆனது, ஏழு ஒன்பது ஆனது. டிரைவர் விஷயம் தெரிந்தவர், “அண்ணாச்சி, வேணும்னா ஒரு ரெண்டு நிமிஷம் நிக்கட்டுமே” என்றார். ஆவுடையப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்தார். சரியாக ஏழு பத்துக்கு ஊதினார். முப்பத்தொரு வருஷத்தில் அவ்வளவு நீளமாக அவர் ஊதியதில்லை என்று பஸ் நிலையத்தில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் சர்க்கரை வியாதிக்காரர்கள் பாதை குறைந்ததைப் பார்த்துக் கொஞ்சம் முனகினார்கள், பிறகு மஞ்சள் வளைவிலேயே எட்டு முறை போய்வந்து நாலு கிலோமீட்டர் நடந்து முடித்தார்கள். வற்றல்கள் மொட்டை மாடிக்குத் திரும்பின. மூக்கையா வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தேன் வந்தது.

அன்று ராத்திரி, உலகம்மை போய் இறங்கிவிட்டதாகப் போன் வந்த பிறகு, செண்பகம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து ஆவுடையப்பன் முன்னால் வைத்தாள்.

“ரெண்டு வருஷம் கழிச்சு லீவுல வாராளாம். வரும்போது என்னென்ன செய்யணும்னு இப்பமே எழுதி வைங்க. நீங்க ப்ளான் போடாம எது நடந்துருக்கு?”

அவர் பேனாவைத் திறந்து பிள்ளையார் சுழி போட்டார். மஞ்சள் என்று எழுதக் கை போனது. நின்றது. அயர்லாந்து ஏற்கெனவே எவ்வளவு தூரம் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

“எழுதல” என்று பேனாவை மூடினார். “அவ வார வழி கிட்டத்துலயே இருக்கட்டும்.”